பாட்டில் சூடாவதற்குள் மணி அடித்துவிட்டார்கள்

என் அக்காவுக்கு, என் முதல் சண்டைக்காரிக்கு,

உனக்குத் தெவசம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. ஐயர் கேட்ட சாமான்களில் எதையும் மறக்கவில்லை. எள்ளை மட்டும் பாசார் கடையிலேயே விட்டுவிட்டு வந்து, திரும்ப ஓடினேன். நீ இருந்திருந்தால், "மேடையில மட்டும் எல்லாம் ஞாபகம் வரும் இவளுக்கு" என்று சொல்லியிருப்பாய். சொல்ல ஆளில்லாமல் நானே சொல்லிக்கொண்டேன்.

கிள்ளான் வீடு அப்படியேதான் இருக்கிறது. வாசல் கேட் இன்னும் கிறீச்சிடுகிறது. உன் பள்ளிக்கூடத்தில் உன் இடத்துக்கு ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாளாம், பூகோளம் நன்றாக நடத்துகிறாளாம். பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கு அது ஏன் கோபமாக இருந்தது என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு பட்டிமன்றம். அதே தலைப்பு அக்கா. 'பூமி சூடாவதற்குக் காரணம் மனிதனா, இயற்கையா?' அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? ஆனால் அதைச் சொல்வதற்கு முன், முதல் பட்டிமன்றத்தைப் பற்றி நான் வாய் திறக்க வேண்டும். நீ உயிரோடு இருந்தவரை நான் அதைப் பேசவே இல்லை. நீயும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டாயே, அதுதான் என்னைத் தின்கிறது.

போன வருடப் பொங்கலுக்குக் கோயில் மண்டபத்தில் அந்தத் தலைப்பை வைக்கச் சொன்னதே நீதான். இருபது வருடம் வகுப்பில் கத்தியும் கேட்காத ஊர், பட்டிமன்றம் என்றால் பாயைப் போட்டு உட்கார்ந்து கேட்கும் என்று கணக்குப் போட்டாய். அதிலும் உனக்கு வேண்டியது ஊர் முழுக்க இல்லை. ஜெஞ்சாரோமில் இருந்து வரும் பதினோரு பேர்தான் வேண்டும். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது நம் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் சேர்ந்து அங்கே வாங்கிய நிலம், அதில் பங்குள்ள பன்னிரண்டு குடும்பம். நம் பங்குக்கு நீ. பழைய செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று வைக்க வேண்டும், நெருப்பு வைத்துச் சுத்தம் பண்ணிவிடலாம் என்று பங்குக்காரர்களில் ஒருவரான முத்தண்ணன் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

"அது காம்புட் மண்ணுடி, மக்கின மரமும் இலையுமா சேர்ந்தது. மேல அணைஞ்சாலும் அடியில வாரக்கணக்கா எரியும். காலகாலமா மண்ணுக்குள்ள கிடந்ததெல்லாம் புகையா மேல போயிடும்" என்று எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாய். நான் மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டிமன்றத்தில் யார் எந்தப் பக்கம் என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கமிட்டி கொடுப்பதுதான். உனக்கு மனிதன் கிடைத்தான். கூட்டம் சேர்க்கிறவள் என்று எனக்கு இயற்கையைக் கொடுத்தார்கள். அக்காவும் தங்கச்சியும் எதிரெதிரே என்றால் யாருக்குத்தான் பார்க்க ஆசை வராது? நோட்டீஸில் அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டார்கள்.

கிளம்பும்போது நீ என் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே ஒன்று கேட்டாய்.

"ராஜி, நீ உன் பக்கத்தைப் பேசு, வேணாங்கல. ஆனா சிரிக்க வச்சு முடிச்சிடாதே. முத்தண்ணன் ஆளுங்க வந்திருப்பாங்க. அவங்க ஒரு தடவ யோசிச்சாப் போதும்."

"சரிக்கா, சத்தியமா" என்றேன்.

அந்தச் சத்தியம் எவ்வளவு நேரம் தாங்கியது? நீ எனக்கு முன்னால் பேசினாய். பேசினாய் என்றுகூடச் சொல்ல முடியாது, பாடம் நடத்தினாய். இரண்டு கண்ணாடிப் பாட்டில், இரண்டு தெர்மோமீட்டர், ஒரு மேசை விளக்கு. ஒரு பாட்டிலில் வெறும் காற்று. இன்னொன்றில் சோடா மாவும் வினிகரும் கலந்து உண்டாக்கிய வாயு. நாம் காரிலும் ஆலையிலும் காட்டிலும் எரித்து மேலே அனுப்புவது இந்த வாயுதான், விளக்கைப் போட்டால் எது அதிகம் சூடாகிறது பாருங்கள் என்று சபையைப் பார்த்துச் சொன்னாய். இரண்டாவது வரிசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்குப் பாட்டிலே தெரிந்திருக்காது, அதில் கோடு எங்கே தெரியப்போகிறது? ஏழு நிமிடம்தான் உனக்கு. நடுவர் மணியை அடித்தபோது இரண்டு தெர்மோமீட்டரும் ஒரே அளவில் இருந்தன. "இன்னும் பத்து நிமிஷம் குடுத்தா..." என்றாய். சபை கைதட்டி உன்னை உட்கார வைத்தது.

பிறகு நான் எழுந்தேன். கூட்டம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அக்கா, உனக்கு அது புரியாது. கொட்டாவி விடும் கூட்டத்தைப் பார்த்தால் என்ன செய்தாவது எழுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இது பெருமை இல்லை, வியாதி.

"நடுவர் அவர்களே! எதிரணியில உட்கார்ந்திருக்காங்களே என் அக்கா, இவங்க வைக்கிற சாம்பார் ஒரு நாள்கூட நான் சாப்பிடறப்போ சூடா இருந்ததில்ல. சாம்பாரையே சூடாக்கத் தெரியாதவங்க, மனுஷன் பூமியையே சூடாக்கிட்டான்னு சொல்றாங்க லா!"

மண்டபம் அதிர்ந்தது. அதோடு நிறுத்தினேனா?

"நானும் தினம் காலையில சாமிக்கு ஒரு ஊதுபத்தி கொளுத்துறேன். அதுக்கே வானம் சூடாயிடும்னா, இந்தக் கோயிலுக்கு மேல இந்நேரம் ஓட்டை விழுந்திருக்கணுமே! கடல் சூடாகுது, காத்து திசை மாறுது, சூரியன் கொதிக்குது. இதெல்லாம் நம்மளக் கேட்டா நடக்குது? மனுஷன்தான் பண்ணினான்னு யாரால நிரூபிக்க முடியும்?"

ஜெஞ்சாரோம் ஆட்கள் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். முத்தண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதை நான் பார்த்தேன். பார்த்துத்தான் இன்னும் இரண்டு சொன்னேன். நடுவர் இயற்கையே என்று தீர்ப்புச் சொல்லி, எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

எல்லோரும் பொங்கல் சாப்பிடப் போன பிறகு நீ மேடையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாய். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "ராஜி, இங்க வா, பாரு" என்று கூப்பிட்டாய். வாயு இருந்த பாட்டிலில் கோடு மேலே ஏறியிருந்தது. மற்றதைவிட இரண்டு கோடு. நீ பள்ளிக்கூடப் பிள்ளைபோலச் சிரித்தாய். நிரூபிக்க யாரால் முடியும் என்று கேட்டேனே, அந்த மண்டபத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி சரி வா, சர்க்கரைப் பொங்கல் தீர்ந்துடும்."

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அந்தப் பேச்சைக் கேசட் போட்டார்கள். லோரிக்காரர்கள் கேட்டார்கள், கல்யாண வீட்டில் போட்டார்கள். ரவாங்கில் அதையே வந்து பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நிலத்துக்கு நெருப்பு வைப்பதா, வாடகைக்கு இயந்திரம் எடுப்பதா என்று முடிவு செய்ய முத்தண்ணன் வீட்டில் கூட்டம் போட்ட அதே ஞாயிற்றுக்கிழமை. நீ தனியாக பஸ் ஏறி ஜெஞ்சாரோம் போனாய். நான் ரவாங் மேடையில் உன் சாம்பாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: "நெருப்பு வேணாம்னு என் கை ஒண்ணுதான்டி மேல நின்னுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"ஊதுபத்திக்கு வானம் சூடாகாதுன்னு உங்க தங்கச்சியே சொல்லிட்டாங்களே டீச்சர்னாரு முத்தண்ணன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. நீ சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டினாரு."

இவ்வளவுதான் சொன்னாய். பிறகு காப்பி போடப் போய்விட்டாய். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ஏதோ நடந்திருக்கும். அந்தக் காப்பியைக் குடித்துவிட்டு நான் டிவி பார்த்தேன்.

நெருப்பு வைத்தார்கள். மேலே இரண்டு நாளில் அணைந்தது. அடியில் அணையவில்லை. நீ போய்ப் பார்க்க வேண்டும் என்றாய், நானும் வந்தேன். தீ எங்கேயும் இல்லை, மண்ணிலிருந்து புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. என் செருப்புக்கு அடியில் சூடு தெரிந்தது. நீ குனிந்து, "கைய வச்சுப் பாரு" என்றாய். வைத்தேன். சட்டென்று எடுத்துக்கொண்டேன். நீ அன்றைக்கும் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. முத்தண்ணனோடு சண்டை போட்டு ஒரு பம்பு வரவழைத்து, வாய்க்கால் தண்ணீரை அந்த இடத்துக்கு விட வைத்தாய். மத்தியானம் முழுக்க அந்தப் புகையில் நின்றாய், கர்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு. வேறு யார் நின்றார்கள்? நான் முத்தண்ணன் வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் நாடு முழுக்கப் புகைமூட்டம் வந்துவிட்டது. கிள்ளானில் எதிர்வீடு தெரியவில்லை. மத்தியானமே லைட் போட்டார்கள். பேப்பரில் தினம் ஒருவர் எழுதினார். சுமத்ராவில் காடு எரிகிறது என்றார் ஒருவர். மழை இல்லாததுதான் காரணம், கடல் செய்த வேலை என்றார் இன்னொருவர். அந்த இரண்டாமவரின் வாக்கியங்கள் என் வாக்கியங்களாகவே இருந்தன. நீ இன்ஹேலரைக் குலுக்கிக்கொண்டு அதையெல்லாம் வெட்டி எடுத்து வைத்தாய். என் பொன்னாடையைத் தண்ணீரில் நனைத்து ஜன்னலில் கட்டினாய். அது தண்ணீரையே உறிஞ்சவில்லை. "பளபளன்னு இருக்கே தவிர ஒண்ணுக்கும் உதவாதுடி இது" என்றாய். பொன்னாடையைத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

மூச்சு முட்டி உன்னைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் மூன்றாவது நாள், முகத்தில் மாட்டியிருந்த குழாயைக் கொஞ்சம் விலக்கிக் கேட்டாய்.

"பம்பு ஓடுதா?"

"ஓடுதுக்கா" என்றேன்.

ஓடவில்லை. டீசல் தீர்ந்து, அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். முத்தண்ணன் போன் பண்ணிச் சொல்லியிருந்தார். நீ தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். என் வாயிலிருந்து நீ கடைசியாகக் கேட்டது ஒரு பொய்.

டாக்டர் சர்டிபிகேட்டில் ஆஸ்துமா என்று எழுதினார். புகை என்று எழுதவில்லை. நான் கேட்டேன். "ஆன்டி, எந்தப் புகைன்னு எப்படி எழுத முடியும்?" என்றார். சின்னப் பையன், நல்ல பையன். அவர் சொன்னதில் தப்பில்லை. சுமத்ராப் புகையா, ஜெஞ்சாரோம் புகையா, முன்னால் போன லோரியின் புகையா, உன் நெஞ்சுக்குள் போனது எது என்று யாரால் நிரூபிக்க முடியும்? இது என் கேள்விதான் அக்கா. மண்டபத்தில் கைதட்டு வாங்கிய கேள்வி. அந்த ஆஸ்பத்திரி நடையில் நின்றபோதுதான் அது யாருக்கு உதவும் கேள்வி என்று எனக்குப் புரிந்தது.

தெவசத்துக்கு முத்தண்ணன் வந்தார். ஒரு தார் வாழைப்பழம் கொண்டு வந்தார். உன் படத்துக்கு முன்னால் உண்மையாகவே அழுதார். அவர் கெட்டவர் இல்லை. அழுது முடித்துவிட்டுச் சொன்னார்: "டீச்சருக்கு நெஞ்சு முன்னாலேயே வீக்குதானம்மா. எல்லாம் அந்தச் சுமத்ராப் பக்கத்துப் புகைதான். நம்ம வச்சது எம்மாத்திரம்?" பிறகு, புதுக்கன்று நன்றாக வந்திருக்கிறது, வாய்க்கால் பக்கம் மிச்சமிருக்கும் இடத்தையும் அடுத்த வெயில் காலத்தில் சுத்தம் பண்ண வேண்டும் என்றார். எதை வைத்துச் சுத்தம் பண்ணுவார் என்று நான் கேட்டேன். அவர் பழத்தாரை எங்கே வைப்பது என்று கேட்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து போன் வந்தது. நவராத்திரிக்குப் பட்டிமன்றமாம். கேசட்டைக் கேட்டிருக்கிறார்கள். "அக்கா, அதே தலைப்பு, அதே மாதிரி பேசுங்க, போதும்லா" என்றார் கமிட்டித் தம்பி. மனிதன் பக்கம் கொடுத்தால் வருகிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்கு இயற்கைதானே ராசி என்றார். பிடிவாதம் பிடித்து வாங்கினேன்.

பரணில் இருந்த உன் பாட்டில்களை இறக்கினேன். ஒரு கார்க் இற்றுப்போயிருந்தது, புதிது வாங்கினேன். மணி அடிப்பதற்குள் சூடாக வேண்டும் என்று ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் மேடை ஓரத்தில் விளக்கைப் போட்டு வைத்தேன். பார்த்தாயா, உன் தங்கச்சிக்கும் புத்தி வந்துவிட்டது. கோடு ஏறத் தொடங்கியது. என் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று சுற்றிப் பார்த்தேன்.

என் முறை வந்தது. பாட்டிலைத் தூக்கிக் காட்டப் போனேன். விளக்கு அணைந்து கிடந்தது. ஒலிபெருக்கிக்காரர் எக்கோ மிஷினுக்கு இடம் வேண்டும் என்று பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். எப்போது பிடுங்கினார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. இரண்டு கோடும் மறுபடி ஒரே இடத்தில் இருந்தன. அந்தக் குளிர்ந்த பாட்டிலை வைத்துக்கொண்டு நான் பேசினேன். காம்புட் மண்ணைப் பற்றிச் சொன்னேன். கையை வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை.

கொட்டாவி விட்டார்கள் அக்கா. பின்னால் இருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: "அந்தச் சாம்பார் ஜோக்கு சொல்லுங்கக்கா!" சபை கைதட்டியது. அந்தச் சாம்பார் வைத்தவள் செத்துப்போய்விட்டாள் என்றேன். அதற்கும் சிலர் சிரித்தார்கள். ஏதோ சொல்ல வருகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தை அவர்களுக்குக் கொடுத்தவளும் நான்தானே. மணி அடித்தது. எனக்கு எதிராகப் பேசிய பங்சார் பெண் துறுதுறுவென்று இருந்தாள். ஊதுபத்தி வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னாள். தீர்ப்பு இயற்கைக்குத்தான். பொன்னாடை அவளுக்கு. கீழே இறங்கும்போது அவள் என் காலைத் தொட்டு, "உங்க கேசட்ட கேட்டுத்தான் ஆன்டி பேசக் கத்துக்கிட்டேன்" என்றாள்.

எனக்கு நம்பிக்கை இல்லை, அக்கா. உனக்காக இருப்பதுபோல எழுதலாம், ஆனால் உனக்குப் பொய் பிடிக்காது. அந்தப் பெண் ஜொகூர் வரைக்கும் போய்ப் பேசுவாள். முத்தண்ணன் வாய்க்கால் பக்கம் நெருப்பு வைப்பார். அவர் வைப்பது எம்மாத்திரம் என்று அவர் சொல்வதையே ஒவ்வொருவரும் சொல்வார்கள். பேப்பரில் அப்போதும் இரண்டு பக்கமும் எழுதுவார்கள், இரண்டுக்கும் ஒரே அளவு இடம் கொடுப்பார்கள்.

அந்தக் கேசட்டை உடைத்துவிட வேண்டும் என்று பலமுறை கையில் எடுத்தேன். உடைக்க முடியவில்லை. சாம்பார் ஜோக்குக்குப் பிறகு எல்லோர் சிரிப்பும் அடங்கியதும் ஒரு சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்கிறது. பக்கத்து மைக்கில் விழுந்திருக்கிறது. சிரித்து, இருமி, திரும்பச் சிரிக்கிறாய். உன் குரல் என்று என்னிடம் இருப்பது அவ்வளவுதான். அதைக் கேட்க வேண்டும் என்றால் நான் அந்த ஜோக்கையும் ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வெல்வேன் என்று உனக்குச் சத்தியம் செய்யமாட்டேன். என் சத்தியத்தின் லட்சணம் உனக்குத் தெரியும். சின்னதாக ஒன்று மட்டும் சொல்கிறேன். ஜெஞ்சாரோமில் அடுத்த கூட்டம் போடும்போது நான் ரவாங்கில் இருக்கமாட்டேன். நம் பங்குக்குரிய கையைத் தூக்குவேன், அது ஒன்றுதான் மேலே நிற்கும் என்று தெரிந்தே தூக்குவேன். யார் மேடைக்குக் கூப்பிட்டாலும் மனிதன் பக்கம் கேட்டு வாங்கிப் போய்த் தோற்றுவிட்டு வருவேன். நேற்று ஹார்ட்வேர் கடையில் பத்து மீட்டர் ஒயர் வாங்கியிருக்கிறேன், சொந்தமாக. இனி யார் பிளக்கைப் பிடுங்கினாலும், மணி அடித்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகும், அந்தக் கோடு ஏறும் வரைக்கும் பாட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "ராஜி, இங்க வா, பாரு" என்று நீ கூப்பிட்டாயே, அதற்கு வருகிறேன்.

உன் சாம்பாரை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டுவிட்டு மேடையில் கேலி செய்த,
உன் தங்கச்சி
ராஜி